மூச்சும் மொழியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே கடலிற் பரந்து கிடக்கும் தீவுகளுள் புங்குடுதீவும் ஒன்று. அத்தீவின் ஒரு பகுதி மடத்துவெளி. மார்கழி மாதத்து வாடைக்காற்று வீசும் இரவொன்றிலே, அங்கே ஒரு வீட்டில் முதியவர் ஒருவர் மூச்சு முட்டி எழுந்து உட்காருகின்றார் என்று வைத்துக்கொள்ளலாம். படுத்தால் மூச்சு அடைக்கின்றது. நிமிர்ந்திருந்தாற் சற்றே இளகுகின்றது. ஒருவர் முதுகைத் தடவுகின்றார். இன்னொருவர் அடுப்பை மூட்டி வெந்நீர் வைக்கின்றார். புங்குடுதீவையும் வேலணையையும் இணைக்கும் வாணர் பாலம் எழுவதற்கு முந்திய காலமாயின், அவ்வீட்டில் அடுத்துப் பிறக்கும் கேள்வி வள்ளத்தைப் பற்றியதாகவே இருந்திருக்கும். இந்தக் காற்றிலே, இந்த இருளிலே, கடலைக் கடந்து கொண்டுபோவதா? அல்லது விடியும்வரை பொறுப்பதா?

அக்கேள்விக்கு விடை கூற வேண்டியவர் அறுவைச் சிகிச்சை வல்லுநரோ பெரிய வைத்தியசாலையின் தலைவரோ அல்லர். அயலிலே இருந்த பரியாரியார், அல்லது பிற்காலத்தில் மருந்துச்சாலையில் இருந்த அப்போதிக்கரி, அவரும் இல்லையெனில் வீட்டிலே மூத்த தாய் ஒருத்தி. இந்த மூச்சு முட்டல் காலைவரை பொறுக்கக்கூடியதா, பொறுக்கமுடியாததா என்பதை அவரே கண்டு சொல்லவேண்டும். தீவக மக்களின் மருத்துவ வரலாற்றை ஆராயும்போது உண்மையொன்று தெளிவாகின்றது. மூச்சு முட்டும் நோயாளியின் கதி, அவரை முதன்முதலிற் பார்ப்பவரின் அறிவிலேயே பெரிதும் தங்கியிருந்தது. அந்த அறிவு நோயாளியின் மொழியிலேயே வளர்ந்த காலத்தில் அது குடிசை வாசல்வரை சென்றது. அம்மொழியை விட்டு விலகிய காலத்தில் நகரத்தோடு நின்றுவிட்டது.

மூச்சுத் துன்பத்தைக் குறிக்க யாழ்ப்பாணத்தார் ஒரு சொல்லோடு நிற்பதில்லை. முட்டு, இழுப்பு, தொய்வு, இளைப்பு, நெஞ்சடைப்பு எனப் பல சொற்கள் வழங்குகின்றன. தொய்வு என்றாற் பனிக்காலத்தில் வந்து, சில நாள் வருத்திப் பின் விட்டுப்போகும் ஆஸ்துமா நோய் என்று கேட்பவர் விளங்கிக்கொள்வர். இளைக்கின்றது என்றால் நடந்தாலோ சுமந்தாலோ தோன்றி, இருந்தால் தணிவது. இழுக்கின்றது என்றால் மூச்சோடு சீழ்க்கை போன்ற ஓசையும் உண்டு. படுக்க முடியவில்லை என்றால் அது வேறொரு செய்தி. இச்சொற்களை வேறுபாடு உணர்ந்து கேட்கும் செவி உடையவருக்கு, நோயறியும் வேலையிற் பாதி முடிந்துவிட்டது எனலாம்.

இத்தகைய செவி தமிழ் மருத்துவத்திற்குப் பழமையானது. சித்த மருத்துவ மரபிலே நோயைக் கணிப்பதற்கு எண்வகைத் தேர்வு கூறப்படும். நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பன அவ்வெட்டு. இவற்றுள் மொழி என்பது நோயாளியின் பேச்சையும் குரலையும் குறிக்கும். நிறம் என்பது உடலின் வண்ணம். மூச்சு முட்டும் ஒருவர் ஒரு வசனத்தை முழுமையாகச் சொல்லுகின்றாரா, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்துகின்றாரா என்பதும், உதடு நீலம் பாரித்திருக்கின்றதா என்பதும் இன்றைய மருத்துவரும் முதலிற் பார்ப்பவை. பரியாரியார் தம் முறைக்கேற்ப வேறு காரணம் கூறியிருப்பார். ஆயினும் அவர் கண்ணும் காதும் சென்ற இடம் பிழையான இடமன்று.

யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புபடுத்திக் கூறப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் இந்நாட்டிலே அம்மரபு ஊன்றியிருந்தமைக்குச் சான்றாகும். ஆடாதோடை, தூதுவளை, கண்டங்கத்தரி முதலிய மூலிகைகள் ஈளைக்கும் இருமலுக்கும் பயன்பட்டன. ஊமத்தை இலையை உலர்த்திப் புகைபிடிக்கும் வழக்கமும் தமிழகத்தில் இருந்தது. சென்னையிலே கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் அன்டர்சன் அதனை அறிந்து பிறருக்குக் கூறினார். 1802ஆம் ஆண்டளவில் ஜென்ற் என்னும் படைத்தலைவர் வாயிலாக அவ்வழக்கம் பிரித்தானியாவுக்குச் சென்றது. அதன்பின் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பிய ஆஸ்துமா நோயாளர் ஊமத்தையினச் செடிகளின் புகையை உள்ளிழுத்தனர். அச்செடியின் சத்தாகிய அத்திரப்பீனின் வழிவந்த மருந்தொன்று இன்றும் மூச்சுக்குழாயை விரிக்கப் பயன்படுகின்றது. ஆயினும் ஊமத்தை கொடிய நஞ்சுடையது. அளவு தப்பினால் உயிரை மாய்ப்பது. எனவே இச்செய்தி வரலாறாக அறியத்தக்கதேயன்றி, வீட்டிற் செய்து பார்க்கத்தக்கதன்று.

பழைய முறைக்கு ஓர் எல்லை இருந்தது. மூச்சு முட்டுவதற்குக் காரணம் நுரையீரலா, இருதயமா என்பதை உடலைத் திறவாமலே அறியும் வழி அதில் இல்லை. அவ்வழி ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இருக்கவில்லை. ஒஸ்திரிய நாட்டு மருத்துவர் லெயோபோல்ட் ஔவென்புறுக்கர் 1761இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். மார்பை விரலாலே தட்டி, எழும் ஓசையைக் கொண்டு உள்ளே காற்று உளதா நீர் உளதா எனக் கணிக்கலாம் என்பது அதன் சாரம். அவர் தந்தையார் விடுதி நடத்தியவர். பீப்பாயைத் தட்டி அதில் எவ்வளவு மது உளது எனப் பார்க்கும் வழக்கமே மகனுக்கு இவ்வெண்ணத்தைத் தந்தது என்று கூறுவர். பனங்கள்ளு முட்டியைத் தட்டிப் பார்த்து அறியும் யாழ்ப்பாணத்தாருக்கு இதிலே வியப்பு இராது. ஆயினும் மருத்துவ உலகம் அந்நூலை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நெப்போலியனின் மருத்துவராயிருந்த கோர்விசார் 1808இல் அதனைப் பிரெஞ்சு மொழியிலே பெயர்த்த பின்னரே அது பரவியது. நல்ல அறிவுக்கும் மொழிபெயர்ப்பாளன் ஒருவன் வேண்டும் என்பதற்கு இது முதற் சான்று.

இரண்டாவது அடி 1816இல் வைக்கப்பட்டது. பாரிஸ் நகர் நெக்கர் வைத்தியசாலையில் இருந்த றெனே லெனெக், இருதய நோயுள்ள ஓர் இளம்பெண்ணைச் சோதிக்க நேர்ந்தது. மார்பிலே நேராகக் காதை வைப்பது முறையன்று என எண்ணிய அவர், காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தார். ஓசை முன்னிலும் தெளிவாகக் கேட்டது. பின்னர் அதனை மரத்திற் செய்தார். ஸ்தெதஸ்கோப்பு எனப்படும் மார்பு கேட்குங் குழாய் இவ்வாறு பிறந்தது. 1819இல் அவர் வெளியிட்ட நூல், மார்பின் உள்ளே எழும் பல்வேறு ஒலிகளையும் அவற்றின் பொருளையும் விரித்துரைத்தது. லெனெக் 1826இல் காசநோயினாலேயே மாண்டார்.

பாரிஸ் நகரத்து அறிவு யாழ்ப்பாணத்துக்கு வந்த வழி வியக்கத்தக்கது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜோன் ஸ்கடர் என்னும் மருத்துவர் 1819இல் இலங்கைக்கு வந்து, 1820இல் பண்டத்தரிப்பிலே மருத்துவப் பணியைத் தொடங்கினார். அவருக்குப் பின் வட்டுக்கோட்டையில் நேதன் உவாட் பணியாற்றினார். 1847இல் சாமுவேல் பிஸ்க் கிறீன் வந்து சேர்ந்தார். அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலே 1822இற் பிறந்து, நியூயோர்க்கில் மருத்துவம் கற்ற அவருக்கு அப்பொழுது வயது 25. 1850இல் அரசாங்க அதிபர் டைக் என்பாரின் முயற்சியால் யாழ்ப்பாண நகரில் ஒரு வைத்தியசாலை தோன்றியது. கிறீனோ மானிப்பாயைத் தம் நிலையமாகக் கொண்டார்.

தொடக்கத்திலே கிறீனும் ஆங்கிலத்திலேயே மாணவருக்கு மருத்துவம் கற்பித்தார். சில ஆண்டுகளில் அவர் ஒன்றைக் கண்டார். ஆங்கிலத்திற் கற்றுத் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் பிற ஊர்களுக்குச் சென்றுவிட்டனர். நோயாளர் இருந்த கிராமத்தில் மருத்துவர் தங்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சிற்றூர்களிலே தங்கி, அயலவர் கொடுக்கும் கூலியைக் கொண்டு வாழ்ந்து, அவர்கள் பேசும் மொழியிலேயே கேட்டுச் சொல்லும் மருத்துவர் வேண்டுமானால், மருத்துவத்தைத் தமிழிலே கற்பிக்கவேண்டும் என அவர் துணிந்தார். அமெரிக்கா சென்று 1862இல் மீண்டும் வந்தபின், 1864 முதல் வகுப்புக்களைத் தமிழிலேயே நடத்தினார்.

கற்பிப்பதற்கு நூல் வேண்டுமே! அதற்காகக் கிறீனும் அவருடைய தமிழ் மாணவரும் செய்த உழைப்பு தமிழ் உரைநடை வரலாற்றில் மறக்கத்தக்கதன்று. உடலமைப்பையும் அதன் தொழிற்பாட்டையும் சுகாதாரத்தையும் கூறும் கற்றரின் நூலை முதலிற் பெயர்த்தனர். பிரசவ வைத்தியம் அதனைத் தொடர்ந்தது. 1867இல் இரணவைத்தியம் வெளிவந்தது. 1872இல் கிறேயின் உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரைப் பெற்றது. அதே ஆண்டில் ஹூப்பர் என்பாரின் கைந்நூல் வைத்தியாகரம் எனத் தமிழாயிற்று. பின்னர் கெமிஸ்தம், மனுஷ சுகரணம் முதலியனவும் அச்சேறின. இவ்வாறு நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் தமிழிலே தோன்றின.

சொல்லாக்கத்தில் அவர் கொண்ட முறை எளியது. தமிழிற் சொல் உண்டாயின் அதனையே எடுத்தல். இல்லையேல் வடசொல்லை நாடல். அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுதல். கற்பவன் விளங்கவேண்டும் என்பதே நோக்கம். மொழியைக் காட்டிப் பெருமை கொள்வதன்று.

மேற்கூறிய நூல்களுள் மூச்சு முட்டுவோருக்கு நெருங்கிய தொடர்புடையது வைத்தியாகரமே. அதன் மூலநூல் உள்மருத்துவம் செய்வோர் கையில் வைத்துக்கொள்ளுதற்கென அமைந்தது. நோயின் குறிகளையும் அவற்றுக்கான சிகிச்சையையும் முறையாகக் கூறுவது. மானிப்பாயிலே பயின்ற இளைஞன் ஒருவன் ஊருக்குத் திரும்பியபோது அவனிடத்தே எக்ஸ்கதிர் இல்லை. அது 1895இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. காசநோயின் கிருமியை எவரும் கண்டிலர். கொக் அதனை 1882இலேயே காட்டினார். அவனிடம் இருந்தவை கண், காது, விரல், சில மருந்துகள் என்பன மட்டுமே. இருதயத் தளர்ச்சியினால் உடல் வீங்கி மூச்சு முட்டுவோருக்கு டிஜிற்றலிஸ் என்னும் செடிமருந்தை இங்கிலாந்தின் உவிலியம் உவிதறிங் 1785இல் எடுத்துக் கூறியிருந்தார். ஆஸ்துமாக்காரனுக்கு அதனைக் கொடுத்தாற் பயனில்லை; தீங்கும் வரலாம். ஆகவே கால் வீங்கியிருக்கின்றதா, படுத்தால் முட்டுகின்றதா, சீழ்க்கை ஓசை கேட்கின்றதா என்ற வினாக்கள் வீண் வினாக்கள் அல்ல. அவற்றை நோயாளியின் வாய்மொழியிலேயே கேட்டு, அவன் கூறும் விடையின் நுட்பத்தை உணர்ந்து, பின்பு மார்பைத் தட்டியும் கேட்டும் பார்க்கும் மருத்துவனை ஊரிலேயே வைத்திருப்பதுதான் கிறீனின் திட்டம்.

அவரிடத்திலே அறுபதுக்கு மேற்பட்டோர் பயின்று வெளியேறினர். ஆயினும் திட்டம் நீடிக்கவில்லை. 1870இல் கொழும்பிலே அரசாங்க மருத்துவப் பாடசாலை தொடங்கியது. அதன் மொழி ஆங்கிலம். 1873இற் கிறீன் உடல்நலங் குன்றி இலங்கையை விட்டு நீங்கினார். ஊர் திரும்பிய பின்னரும் தமிழ் மருத்துவ நூல்களின் வேலையை அவர் கைவிடவில்லை. 1884இல் அவர் வூஸ்ரரில் இறந்தபோது, தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்பதே அவர் விருப்பப்படி கல்லறையிற் பொறிக்கப்பட்டது. மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்குகின்றது. ஆனால் தமிழில் மருத்துவங் கற்பிக்கும் முயற்சி அவரோடு பெரும்பாலும் ஓய்ந்தது. கற்பித்தல் ஆங்கிலமாயிற்று, கற்றவர் நகரவாசியாயினர், தீவுகளிலே பரியாரியாரே மீண்டும் முதலும் முடிவுமாயினார்.

இதனாற் கொழும்புக் கல்லூரி செய்த நன்மையை மறுக்க இயலாது. அது உருவாக்கிய மருத்துவர்களும் அப்போதிக்கரிமாரும் நாட்டின் மூலை முடுக்குகளிற் பணியாற்றினர். 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டமையால், காசில்லாதவன் என்று எவரும் வாசலில் நிற்க வேண்டியதில்லை என்றாயிற்று. பண்ணைத் தாம்போதியும் வாணர் பாலமும் புங்குடுதீவு மக்களுக்கு நிலவழியைத் திறந்தன. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் குறிகட்டுவான் துறையிலிருந்து இன்றும் படகே வழி.

அக்காலத்தில் மூச்சுத் துன்பத்துக்குப் பெருங் காரணமாயிருந்தது காசநோய். இலங்கையிலே 1945இல் அதற்கெதிரான இயக்கம் தொடங்கியது, 1949இல் பீ. சீ. ஜீ. தடுப்பூசி வந்தது. அடுத்த பெரும் பாடம் கடலின் மறுகரையிலே சென்னையிலிருந்து கிடைத்தது. காசநோயாளரை மாதக்கணக்கில் ஒதுக்குப்புறமான நிலையங்களிற் கிடத்திவைப்பதே முறை என உலகம் நம்பியிருந்தது. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு நிலையம், வீட்டிலிருந்தபடியே மருந்துண்ணும் ஏழை நோயாளரும் நிலையத்திற் கிடப்பவரைப் போலவே குணமடைகின்றனர் என்பதை 1959இல் எடுத்துக் காட்டியது. வீட்டிலிருப்பவரை ஒழுங்காகக் கண்டு, பேசி, மருந்து தவறாமற் பார்த்துக்கொள்ளும் ஒருவர் இருப்பின் போதும் என்பது அதன் கருத்து. பெரிய கட்டடத்திலிருந்து மருத்துவம் மீண்டும் வீட்டு வாசலுக்கு வந்தது.

இதே காலத்தில் பிரித்தானியாவிலே சாள்ஸ் பிளெச்சர் என்பார் உவேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் மூச்சுநோயை ஆராய்ந்தார். இளைப்பின் அளவைக் கருவியால் மட்டும் அறியமுடியாது என்று கண்டு, ஐந்து படிகளில் அமைந்த வினாக்களை அவர் வகுத்தார். விரைந்து நடந்தாலோ சிறு மேட்டில் ஏறினாலோ இளைக்கின்றதா? சமநிலத்தில் ஒத்த வயதினரோடு ஈடுகொடுத்து நடக்கமுடிகின்றதா? உடை மாற்றவே மூச்சு வாங்குகின்றதா? இவை இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளன. ஆயினும் தீவகத்திலே மேடு ஏது? எங்கும் சமநிலமே. அந்த வினாவை அப்படியே மொழிபெயர்த்தால் நோயாளி விழிப்பார். கிணற்றிலே தண்ணீர் அள்ளினால் இளைக்கின்றதா, எதிர்க்காற்றிற் சைக்கிள் மிதித்தால் இளைக்கின்றதா, கோயிலுக்குப் போகும் வழியில் நின்று நின்று போகவேண்டியிருக்கின்றதா என்று கேட்டால் உடனே விடை வரும். மொழிபெயர்ப்பு என்பது சொல்லை மாற்றுவதோடு முடிவதன்று; வாழ்வை அறிந்து கேட்பது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

குழந்தைகளின் மூச்சுத் துன்பத்திலே இப்பாடம் இன்னும் எளிமையாக வெளிப்பட்டது. பப்புவா நியூகினி நாட்டு மலைக்கிராமங்களிலே நியுமோனியாவினாற் குழந்தைகள் மடிவதைக் கண்ட பிராங் ஷான் என்னும் மருத்துவரும் பிறரும், எக்ஸ்கதிர் இல்லாத இடத்தில் எதை நம்புவது என ஆராய்ந்தனர். ஒரு நிமிடத்துக்கு மூச்சை எண்ணுவதே வழி எனக் கண்டனர். 1980களில் உலக சுகாதார நிறுவனம் அம்முறையைப் பரப்பியது. இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு நிமிடத்தில் 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் மூச்சு ஓடுமாயின் அது விரைந்த மூச்சு. மூச்சை உள்ளிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உட்குழியுமாயின் அபாயம் கூடியது. கடிகாரம் ஒன்றும் பொறுமையும் உடைய எந்தச் சுகாதார ஊழியரும் இதனைச் செய்யலாம்.

இன்று மூச்சு முட்டும் ஒருவர் ஊர் வைத்தியசாலைக்கு வரும்போது, முதலிற் பார்ப்பவர் செய்யும் வேலையை மேற்கூறிய வரலாறு முழுவதும் சேர்ந்து உருவாக்கியது எனலாம். முதற் கேள்வி: இது பொறுக்குமா? ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்க முடியாமை, உதடும் நாவும் நீலம் பாரித்தல், மயக்கம் அல்லது குழப்பம், நெஞ்சுவலி, வளர்ந்தவரின் மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டுதல் என்பவற்றுள் எது இருப்பினும் அது பொறுக்கும் நிலையன்று. நோயாளியை நிமிர்த்தி இருத்தி, குருதியில் ஒட்சிசன் குறைந்திருப்பின் அதனைக் கொடுத்து, உடனே பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும். 2016இல் தொடங்கி நாடெங்கும் பரவிய 1990 என்னும் இலவச அம்புலன்ஸ் சேவை இதற்கு உதவுகின்றது.

இரண்டாவது கேள்வி: எதனால்? திடீரெனத் தொடங்கியதா, மாதக்கணக்கில் வளர்ந்ததா? காய்ச்சலும் சளியும் உண்டாயின் நியுமோனியா. இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலும் மெலிவும் உண்டாயின் காசநோயையும் எண்ணவேண்டும். வந்து வந்து போகும் இழுப்பு ஆஸ்துமா. நெடுங்காலம் சுருட்டோ பீடியோ பிடித்தவருக்கும், புகை மண்டிய குசினியில் பனைமட்டையும் ஊமலும் எரித்து ஆயுள் முழுவதும் சமைத்த பெண்களுக்கும் நுரையீரல் நிரந்தரமாகவே அடைபட்டுப் போவதுண்டு. படுத்தால் முட்டுவதும் கால் வீங்குவதும் இருதயத் தளர்ச்சியைக் குறிக்கும். கண்ணின் உட்பக்கம் வெளுத்திருப்பின் குருதிச்சோகை. பல நாள் படுக்கையில் இருந்தவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கித் திடீரென மூச்சு முட்டுமாயின், குருதிக் கட்டி நுரையீரலை அடைத்திருக்கலாம். அச்சத்தினாலும் மூச்சு முட்டும். ஆயினும் ஏனைய காரணங்களை நீக்கிய பின்பே அவ்வாறு கூறவேண்டும்.

மூன்றாவது கேள்வி: என்ன செய்வது? காரணத்துக்கேற்ப மருந்து வேறுபடும். இருதயத் தளர்ச்சிக்கு உடலில் தேங்கிய நீரை இறக்கும் மருந்து, நியுமோனியாவுக்குக் கிருமிகொல்லி, குருதிச்சோகைக்கு அதன் மூலத்தை அறிந்து இரும்புச்சத்து. ஆஸ்துமாவுக்கு 1950களின் நடுவில் வந்த உள்ளிழுக்கும் குப்பியும், 1960களின் இறுதியில் வந்த சல்பியூற்றமோல் மருந்தும் பேருதவியாயின. ஆயினும் இழுப்பு வந்தபோது மட்டும் குப்பியை நாடுவோர் பலர். வராமற் காக்கும் மருந்தை நாள்தோறும் இழுக்கவேண்டும் என்பதையும், இழுக்கும் முறையையும் அவர்களுக்கு விளங்கும் மொழியிலே பலமுறை சொல்லிச் செய்வித்துப் பார்க்கவேண்டும். பிழையாக இழுக்கப்பட்ட மருந்து தொண்டையோடு நின்றுவிடும். புகைத்தலை விடுவிப்பதும், குசினியில் காற்றோட்டம் அமைப்பதும் மருந்துகளே.

கருவிகளின் துணையையும் இகழ்தல் ஆகாது. ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அயோயகி 1970களின் முற்பகுதியில் வகுத்த தத்துவத்தால், விரல்நுனியிற் பொருத்தும் சிறு கருவி குருதியின் ஒட்சிசன் அளவைக் காட்டுகின்றது. 2020இல் கொரோனாத் தொற்று உலகைப் பற்றியபோது அக்கருவி வீடுகளுக்கும் வந்தது. மூச்சு முட்டுவதாக உணராமலே ஒட்சிசன் குறைந்தோர் பலரை அது காட்டிக்கொடுத்தது. அதே ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வெளியான ஆய்வொன்று, கருநிறத் தோலுடையோரிடத்தில் அக்கருவி உண்மையினும் கூடிய எண்ணைக் காட்டி ஏமாற்றுவது அதிகம் எனவும் காட்டியது. வெண்ணிறத்தாருக்கென வகுத்த அளவை எல்லாருக்கும் பொருந்தும் எனக் கொள்ளலாகாது. எண் நன்றாயிருப்பினும் நோயாளி நன்றாயில்லையெனில், நோயாளியையே நம்பவேண்டும்.

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக்கள் உள எனக் கூறும். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகில் நின்று உதவுபவன் என்போர் அந்நால்வகையினர். நான்காமவரை வள்ளுவர் மறக்கவில்லை என்பது எண்ணத்தக்கது. போரும் இடப்பெயர்வும் வாட்டிய 1990களின் தொடக்கத்திலே தீவகத்து வீடுகள் பல வெறுமையாயின. இன்று அங்கே பல முதியோர் தனித்திருக்க, மக்கள் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். இரவிலே மூச்சு முட்டினால் முதலில் வந்து பார்ப்பவர் அயலவரே. நேயர்கள் ஒவ்வொருவரும் என்றாவது ஒருநாள் அந்த நான்காமவராக நிற்க நேரலாம். நோயாளியை நிமிர்த்தி இருத்தவும், அவர் பேச்சு இடையில் அறுகின்றதா எனக் கேட்கவும், மூச்சை எண்ணவும், உதட்டின் நிறத்தைப் பார்க்கவும், விடியும்வரை பொறாமல் உதவி கேட்கவும் அறிந்திருத்தல் அவருக்கு வேண்டும்.

ஏறக்குறைய நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் மானிப்பாயிலே அந்நிய நாட்டவர் ஒருவர், நல்லறிவு தமிழில் இருந்தாலன்றித் தமிழன் வாசலை அடையாது என எண்ணி நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் உழைத்தார். அவர் தமிழாக்கிய நூல்களின் மருத்துவம் இன்று பழையதாயிற்று. அவற்றை நம்பி எவரும் மருந்து கொடுக்கமாட்டார். அவர் கண்ட தேவையோ பழையதாகவில்லை. மருத்துவ நூல்கள் ஆங்கிலத்தில் இருக்கலாம்; மருத்துவர் வேற்று மொழியிற் கற்றிருக்கலாம். எனினும் மடத்துவெளியில் இரவு இரண்டு மணிக்கு மூச்சு முட்டுபவர் தமிழிலேயே முட்டுகின்றது என்பார். அதனைக் கேட்பவர் தமிழிலேயே விளங்கிக்கொள்ளவேண்டும்.